அம்மா ஏன் ஊறுகாயைத் தொடறதில்லை?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. வழக்கமா நான் எழுதறது என்னன்னு உங்களுக்கே தெரியும். பொட்டி தட்டற பொழப்பு, மேனேஜர் புராணம், நடுவுல கொஞ்சம் சினிமா. இன்னிக்கு கொஞ்சம் சீரியஸ். பாதியில ஓடிடாதீங்க மக்களே. கடைசி வரைக்கும் படிச்சா உங்க வீட்டுல யாருக்காவது உதவலாம்.

நமக்கு சொந்த ஊர் திருத்தணி. முருகனோட அஞ்சாம் படைவீடு, 365 படிக்கட்டு, ஆடிக் கிருத்திகைக்கு ஊரே கொள்ளாத காவடிக் கூட்டம்... இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. தெரியாத கதை எங்க ஊர்ச் சாப்பாடு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரைக்கும் நாங்க ஆந்திராவோட சித்தூர் மாவட்டம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடினதால தமிழ்நாட்டுக்கு வந்தோம். ஊர் வந்துச்சே தவிர, நாக்கு முழுசா வரலை. இன்னிக்கும் பொன்பாடி தாண்டினா ஆந்திரா. பாதி வீட்டுல அப்பாவை நைனான்னு தான் கூப்பிடுவாங்க, எங்க வீட்டுலயும். கோங்கூரா, ஆவக்காய், பருப்புப்பொடி இல்லாம இலை போட்டா எங்க நைனா இலையையே சந்தேகமா பார்ப்பார்.

அம்மா போடற ஆவக்காய்க்கு எங்க தெருவுல தனி மரியாதை உண்டு. ஒவ்வொரு சித்திரையிலும் எனக்குன்னு ஒரு ஜாடி சோழிங்கநல்லூர் ரூமுக்கு வரும். நானும் ரூம் மேட்ஸும் அதை வச்சே நாலு மாசம் ஓட்டுவோம். அந்த ஊறுகாயை அம்மா சாப்பிடறதை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆச்சுங்கறது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டுக்குப் போறவன் தான். சென்ட்ரல்ல ரயில் ஏறினா ரெண்டு, ரெண்டரை மணி நேரம். ஆனா போய் என்ன பண்றோம்? தட்டை ஒரு கையில, மொபைலை ஒரு கையில வச்சுக்கிட்டு சாப்பிடறோம். எதிர்ல உட்கார்ந்து அம்மா என்ன சாப்பிடறாங்கன்னு பார்த்ததே இல்லை. பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். ரசத்துல மோரை ஊத்திக்கறது, குழம்புல இருக்கற காயைத் தண்ணியில அலசறது, தோசைக்குச் சட்னிக்குப் பதிலா வெறும் தயிர். ஒரு தடவை தங்கச்சி கேட்டதுக்கு "ஒண்ணும் இல்லடி, உடம்பு சூடு"ன்னு சொல்லியிருக்காங்க. சூடுன்னு சொல்லிட்டா நம்ம வீடுகள்ல அதுக்கு மேல விசாரணை கிடையாதே. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், மெடிக்கல் ஷாப்ல ஒரு பி காம்ப்ளெக்ஸ் அட்டை. கேஸ் முடிஞ்சது.

போன ஆடிக் கிருத்திகைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு படியேறினேன். தரிசனம் முடிஞ்சு ஒரு உபயதாரர் புளியோதரை கொடுத்தார். அம்மா கையை நீட்டவே யோசிச்சாங்க. பிரசாதமாச்சே, வேண்டாம்னு சொல்ல முடியுமா? ஒரு வாய் போட்டுக்கிட்டாங்க. அடுத்த நிமிஷம் ரெண்டு கண்ணுலயும் பொலபொலன்னு தண்ணி. பக்தின்னு நினைச்சேன். கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு தண்ணி பாட்டிலுக்குக் கை நீட்டினப்ப தான் வேற ஏதோன்னு புரிஞ்சுது.

"ம்மா, வாயைத் திற."

"சும்மா இருடா, எல்லாரும் பார்க்கறாங்க."

படி ஓரமா உட்கார வச்சு மொபைல் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ரெண்டு கன்னத்தோட உள்பக்கமும் வெள்ளை வெள்ளையா கோடு. மெல்லிசு நூலை வலை மாதிரி பின்னி ஒட்டி வச்சாப்ல. இடது பக்கம் அந்த வலைக்கு நடுவுல செக்கச்செவேல்னு தோல் உரிஞ்சு புண். விரலால தொட்டதுக்கே அம்மா துடிச்சுட்டாங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். எங்க பாட்டி, அதாவது அம்மாவோட அம்மா, போனது வாய்ப் புற்றுநோயில. வெற்றிலை, பாக்கு, புகையிலை. எனக்கு அப்ப எட்டு வயசு. அந்த ரூமோட வாசனை மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு. அம்மா புகையிலை போடமாட்டாங்க. ஆனா வெற்றிலை பாக்கு உண்டு. இருபது வயசுல இருந்து, தறியில உட்கார்ந்த காலத்துல இருந்து. இடுப்புல ஒரு சுருக்குப்பை. அடக்கிக்கறது எப்பவும் இடது கன்னத்துல.

அன்னிக்கு ராத்திரி கூகுளாண்டவர்கிட்ட போனேன். போயிருக்கக் கூடாது. நடுராத்திரி ரெண்டு மணிக்கு மருத்துவப் படங்கள் பார்க்கறதை விட பேய்ப்படம் பார்க்கறது எவ்வளவோ மேல்.

முதல்ல பக்கத்துல ஒரு டாக்டர். டார்ச் கூட எடுக்காம "பூஞ்சை தான்"னு மாத்திரை எழுதினார். ஒரு மாசம் ஓடுச்சு. எரிச்சல் குறையலை. அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன், பூஞ்சையால வர்ற வெள்ளை பஞ்சு வச்சுத் துடைச்சா பெரும்பாலும் வந்துடும், இந்த வெள்ளைக் கோடு துடைச்சா வராது. இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிஷம் போதும். சரி, விடுங்க.

ஆபீஸ்ல கூட வேலை பார்க்கறவனோட அக்கா பல் டாக்டர். போட்டோ அனுப்பினேன். "பல் மருத்துவக் கல்லூரி எதுலயாவது வாய்நோய்ப் பிரிவு இருக்கும், அங்க கூட்டிட்டுப் போ. ஓரல் மெடிசின்னு கேளு"ன்னாங்க. பல்லுக்குத்தான் டாக்டர் உண்டுன்னு நினைச்சிருந்தவன் நான். வாய்க்குன்னே தனியா ஒரு மேல்படிப்பு இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரியும்.

சென்னையில அப்படி ஒரு கல்லூரிக்குப் போனோம். அந்த டாக்டரம்மா அம்மாகிட்ட இருபது நிமிஷம் பேசினாங்க. காரம் சாப்பிட்டா எரியுதா, எத்தனை நாளா? உடம்புல அரிப்போட ஊதா நிறத்துல தட்டையா கொப்புளம் வந்துச்சா, குறிப்பா மணிக்கட்டுல? நகத்துல கோடு, தலைமுடி கொட்டறது? பெண்ணுறுப்புல எரிச்சல்? (இந்தக் கேள்விக்கு என்னை வெளியே அனுப்பிட்டாங்க.) என்னென்ன மாத்திரை, எப்ப இருந்து? பல்லுல வெள்ளி அடைச்சிருக்கா? வெற்றிலையை எந்தப் பக்கம் அடக்கறீங்க?

அப்புறம் பேர் சொன்னாங்க. ஓரல் லைக்கன் பிளானஸ்.

லைக்கன்னா பாறையிலயும் மரப்பட்டையிலயும் படர்ற பாசி மாதிரியான ஒண்ணு. பிளானஸ்னா தட்டை. 1869-ல எராஸ்மஸ் வில்சன்னு ஒரு ஆங்கிலேயத் தோல் மருத்துவர் வச்ச பேர். அம்மா கன்னத்துல இருந்த அந்த வலைக்கோட்டுக்கு விக்கம் கோடுன்னு பேர். விக்கம்ங்கறவர் பிரெஞ்சுக்காரர், 1895-ல இதைப் பத்தி எழுதியிருக்கார். டாக்டரம்மா இதைச் சொன்னதும் நைனா ஒரே ஒரு கேள்வி தான் கேட்டார். "ஒட்டிக்கிற நோயா?" இல்லை. எச்சில்ல பரவாது, ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சா வராது, முத்தம் கொடுத்தா வராது. ஆறு மாசமா தனி டம்ளர் வச்சிருந்த அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அதையும் நாங்க யாரும் கவனிக்கலை.

எதனால வருது? நம்மாளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஆன்டிவைரஸ் சாப்ட்வேர் சில சமயம் நம்ம சொந்த ஃபைலையே வைரஸ்னு நினைச்சு அழிக்கும் இல்லையா? அது தான். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்கள்ல டி செல்னு ஒரு வகை. அது வாயோட உள்தோல்ல இருக்கற அடிவரிசை செல்களை எதிரின்னு நினைச்சு அடிக்குது. ஏன் அப்படி நினைக்குதுங்கறது இன்னும் முழுசா விளங்கலை. நடுத்தர வயசுக்கு மேல அதிகம், ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு அதிகம். ஹெபடைடிஸ் சி இருக்கறவங்களுக்குச் சில நாடுகள்ல கூடுதலா பார்த்திருக்காங்க. மனசுல பாரம் இருந்தா சில பேருக்குக் கிளம்பி வரும்.

இதே மாதிரி வேஷம் போடற இன்னொண்ணும் இருக்கு. லைக்கனாய்டுன்னு பேர். சில ரத்த அழுத்த மாத்திரை, வலி மாத்திரை, சர்க்கரை மாத்திரையால வரலாம். பழைய வெள்ளி அடைப்பு உரசற இடத்துல மட்டும் வரலாம். வெற்றிலை பாக்கு அடக்கற இடத்துலயும் வரலாம். லைக்கன் பிளானஸ்னா பெரும்பாலும் ரெண்டு கன்னத்துலயும் சமமா இருக்கும். அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் இருந்துச்சு, ஆனா வெற்றிலை அடக்கற இடது பக்கம் மோசம். அதனால டாக்டரம்மாவுக்கே கொஞ்சம் யோசனை. "ஒரு துளி சதை எடுத்துப் பார்த்துடலாம்"னாங்க.

பயாப்ஸி. அந்த வார்த்தையைக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடிச்சாங்க. பாட்டிக்கும் அதைத்தான் எடுத்தாங்க.

மரத்துப்போக ஊசி, மிளகு அளவு சதை, ரெண்டு தையல். பத்து நிமிஷம் தான். ரிசல்ட் வர ஒரு வாரம். அந்த வாரம் நான் எழுதின கோடு எதையும் தயவுசெஞ்சு யாரும் ரிவ்யூ பண்ணாதீங்க.

வந்துச்சு. புற்றுநோய் இல்லை. செல்கள்ல மாற்றமும் இல்லை. தோலுக்கு அடியில டி செல்கள் பட்டை கட்டின மாதிரி வரிசையா நிக்குது, அடிவரிசை செல்கள் கரைஞ்சிருக்கு. லைக்கன் பிளானஸ் தான். அம்மா கேட்ட முதல் கேள்வி: "அப்ப ஆவக்காய் சாப்பிடலாமா?"

சாப்பிட முடியாது. இது சர்க்கரை, பிரஷர் மாதிரி. அடியோட போக மருந்து இல்லை, அடக்கி வைக்கத்தான் மருந்து. இதுல வகை இருக்கு. வெறும் வெள்ளை வலை மட்டும் இருந்து, எரிச்சல் இல்லைன்னா வைத்தியமே வேண்டாம், வருஷா வருஷம் காட்டினா போதும். அது தான் அதிகம் பேருக்கு இருக்கறது. தோல் மெலிஞ்சு சிவக்கறது, உரிஞ்சு புண்ணாகறது, கொப்புளம் விடறது, இதெல்லாம் தான் படுத்தற வகை. ஈறு முழுக்கச் செவந்து உரியறதும் உண்டு. பிரஷ் எடுத்தாலே ரத்தம் வரும். வலிக்குதுன்னு பல் விளக்காம விட்டா காரை சேர்ந்து இன்னும் மோசமாகும்.

அம்மாவுக்கு முதல்ல கொடுத்தது ட்ரையாம்சினலோன்னு ஒரு ஸ்டீராய்டு, வாயில ஒட்டிக்கற பசையா. சாப்பிட்டு முடிச்சு, வாய் கொப்பளிச்சு, பஞ்சால ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு மெல்லிசா தடவணும். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. கொஞ்சம் அடங்குச்சு. இடது பக்கம் மட்டும் அடம் பிடிச்சதால பீட்டாமெத்தசோன் மாத்திரையைத் தண்ணியில கரைச்சு வாயில வச்சிருந்து துப்பச் சொன்னாங்க. முழுங்கக் கூடாது. மூணாவது வாரம் நாக்குல தயிர்த் திட்டு மாதிரி வெள்ளை. இந்தத் தடவை நிஜமாவே பூஞ்சை :-) ஸ்டீராய்டு போட்டா அப்படி வரும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. க்ளோட்ரிமசோல் தடவினதும் போயிடுச்சு. இதுக்கும் கேட்காத கேஸுக்கு டாக்ரோலிமஸ்னு ஒரு களிம்பு, ரொம்ப முத்தினா கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரைன்னு அடுத்தடுத்த படி இருக்காம். நல்லவேளை, நாங்க அவ்வளவு தூரம் ஏறலை. பிரஷர் மாத்திரையை அம்மா தானா நிறுத்தப் பார்த்தாங்க, டாக்டரம்மா திட்டினாங்க. மாத்தணும்னா அதை எழுதின டாக்டர் தான் மாத்தணும்.

ஆனா நிஜமான சண்டை மருந்துல இல்லை. சுருக்குப்பையில.

டாக்டரம்மா தெளிவா சொல்லிட்டாங்க. லைக்கன் பிளானஸ் புற்றுநோய் இல்லை, ஆனா புற்றா மாறக்கூடிய வாய்ப்புள்ள நோய்கள் பட்டியல்ல உலக சுகாதார நிறுவனம் இதையும் வச்சிருக்கு. வாய்ப்பு ரொம்பக் குறைவு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தா நூத்துல ஒருத்தருக்கு வர்றாப்ல. நம்ம நாட்டுலயே ஒரு கணக்கு இருக்கு. டென்மார்க்கைச் சேர்ந்த பிண்ட்போர்க், பம்பாயோட பாலி மேத்தா, இவங்க குழு கேரள கிராமங்கள்ல 7,639 பேரோட வாயைப் பார்த்து 1972-ல எழுதினாங்க. அப்புறம் இந்தியாவுல 722 நோயாளிகளைத் தொடர்ந்து கவனிச்சு 1986-ல எழுதினாங்க. அதுல மூணு பேருக்குத்தான் புற்றுநோய். 722-ல மூணு. அந்த நம்பரை நான் ஒரு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வச்சிருந்தேன்.

ஆனா வெற்றிலை பாக்கு கதை வேற. புகையிலை இல்லாம போட்டாலும் அது புற்றுநோய் தரும், பாக்கு மட்டுமே கூடத் தரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல வெளியிட்ட தொகுப்புலயே இருக்கு. ஏற்கனவே புண்ணான கன்னத்துல அதைப் போய் அடக்கறது நெருப்புல எண்ணெய். அம்மா அங்கேயே தலையாட்டினாங்க. "விட்டுட்டேன் டாக்டர்."

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை மதியம், அரிசி டப்பாவுக்குள்ள சுருக்குப்பையைப் பார்த்தேன். எனக்கு வந்த கோவம் இருக்கே... என்ன பேசினேன்னு இங்க எழுத மாட்டேன். பாட்டியை இழுத்தேன்னு மட்டும் சொல்றேன். அம்மா ஒரு வார்த்தை பேசலை. உள்ள போய்ப் படுத்துட்டாங்க.

நைனா தான் திண்ணையில உட்கார வச்சுச் சொன்னார். "அந்தக் காலத்துல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தறி ஓட்டுவா. தூக்கம் வரக் கூடாதுன்னு போட ஆரம்பிச்சது. உன் இஞ்சினியரிங் ஃபீஸ் கட்டற வரைக்கும் அப்படித்தான். நாப்பது வருஷத்தை ரெண்டு வாரத்துல விடுன்னா எப்படிடா?"

எங்க ஊர்ப் பேருக்குச் சொல்ற கதை ஒண்ணு உண்டு. சூரனோட சண்டை போட்ட கோவம் முருகனுக்குத் தணிஞ்ச இடம், அதனால செருத்தணி. அதுவே திருத்தணி ஆச்சுன்னு சொல்வாங்க. பிறந்ததுல இருந்து கேட்ட கதை. கோவத்தைத் தணிச்சுக்கணும்னு அந்தத் திண்ணையில தான் தோணுச்சு. உடம்பு தன்னையே எதிரின்னு நினைச்சு அடிக்குது, அது தான் நோய்னு டாக்டரம்மா சொன்னாங்க. நானும் வீட்டுக்குள்ள அதையே தான் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

மன்னிப்பு கேட்டேன். அதுக்கப்புறம் சண்டை போடலை, கணக்கு போட்டோம். நாளைக்கு எட்டு தடவைன்னா அடுத்த வாரம் ஆறு, அப்புறம் நாலு. தங்கச்சி காலண்டர்ல குறிச்சு வச்சா. முத்துசாமி தீட்சிதர் வாயில ஒரு பெரியவர் வந்து கல்கண்டு போட்டார், அதுக்கப்புறம் தான் அவர் முதல் கீர்த்தனை பாடினார்னு எங்க ஊர்ல சொல்ற கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அதை நினைச்சு வெற்றிலைக்குப் பதிலா கல்கண்டு வாங்கிக் கொடுத்தேன். டாக்டரம்மா சிரிச்சுட்டு, "கூரா இருக்கும், புண்ணைக் கீறும், பல்லும் போகும். வேண்டாம்"னுட்டாங்க. என் ஐடியா எல்லாம் எப்பவும் இப்படித்தான் :-(

மூணு மாசத்துல நின்னுச்சு. நடுவுல ஒரு கல்யாணத்துல தாம்பூலம் போட்டுட்டு, அம்மாவே போன் பண்ணிச் சொன்னாங்க. "இன்னிக்கு ஒண்ணு போட்டுட்டேன்டா." ஒளிக்காம சொன்னாங்களே, அது போதும்.

இப்ப எப்படி இருக்காங்க? வலது பக்கம் கோடு மட்டும் இருக்கு. இடது பக்கம் புண் ஆறி வெளிர்ச் சிவப்பா இருக்கு. வீட்டுல யாருக்காவது உடம்பு முடியலைன்னா திரும்ப எரியும், ரெண்டு வாரம் பசை தடவினா அடங்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப். சாஃப்ட் பிரஷ், நுரை அதிகம் வராத பேஸ்ட். வீட்டுல ரெண்டு குழம்பு வைக்கறதில்லை, ஒரே குழம்பு, காரம் கம்மி. நைனா மட்டும் மேல பருப்புப்பொடி போட்டுக்கறார். இன்னும் அம்மா பேசிக்கிட்டே இருக்கும்போது கை தானா இடுப்பைத் தேடும். அங்க ஒண்ணும் இருக்காது. கையை முந்தானையில துடைச்சுக்கிட்டுப் பேச்சைத் தொடர்வாங்க.

இந்தச் சித்திரையிலும் ஆவக்காய் போட்டாங்க. ருசி பார்க்க முடியாதே, உப்பு காரம் எப்படித் தெரியும்னு கேட்டேன். "கை சொல்லும்டா"ன்னாங்க. ஜாடி வந்துச்சு. எந்த வருஷமும் போல அதே ருசி. முதல் உருண்டையை முழுங்கவே ரொம்ப நேரம் ஆச்சு எனக்கு. காரத்தால இல்லை.

கடைசியா ரெண்டு விஷயம், போயிட்டு இருங்க. ஒண்ணு, ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத எந்த வாய்ப்புண்ணையும், துடைச்சா போகாத எந்த வெள்ளையையும், சூடுன்னு விடாதீங்க. நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. மேல சொன்ன மருந்துப் பேரை வச்சுக்கிட்டு நீங்களா கடையில வாங்கிப் போடாதீங்க, அதுல ஸ்டீராய்டும் இருக்கு. ரெண்டு, இந்த வாரம் ஊருக்குப் போனா மொபைலைக் கீழ வச்சுட்டு அம்மா தட்டுல என்ன இருக்குன்னு பாருங்க. முடிஞ்சா வாயைத் திறக்கச் சொல்லி ஒரு தடவை டார்ச் அடிங்க.

திட்டுவாங்க. பரவாயில்லை, அடிங்க.